மிளகாய்த்தூளுக்குள் வண்டு எப்படி வந்தது?

போன வருசம் பெரியம்மா கனடாவில் இருக்கும் மகளுக்கு 2 கிலோ கறித்தூள் அனுப்பினார். செத்தல் மிளகாயைக் காம்பு கிள்ளிக் காயவைத்து, மல்லி, மிளகு, சீரகம், வெந்தயம் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, மில்லுக்குக் கொண்டுபோய்த் திரித்த தூள். இரண்டு மாதம் கழித்து வைபரில் ஒரு படம் வந்தது. தூளின் மேல், கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, செங்கபில நிறத்தில் நாலைந்து வண்டுகள். பெரியம்மாவுக்கு வண்டின் மேல் கோபம் வரவில்லை, மகளின் மேல்தான் வந்தது. "மூடியை இறுக்காமல் விட்டிருப்பாள். இந்த உறைப்புக்குள்ளை பூச்சி எப்பிடிச் சீவிக்கும்?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அங்கே அப்போது மார்கழிப் பனி. அந்தக் குளிரில் வெளியிலிருந்து வண்டு பறந்து வந்து போத்தலுக்குள் இறங்கியிருக்க வழியில்லை. அநேகமாக அது யாழ்ப்பாணத்திலிருந்தே, முட்டையாகவோ புழுவாகவோ, தூளோடு சேர்ந்து விமானம் ஏறியிருக்கும். எப்படி என்று விளங்கினால், வீட்டுப் பேணியிலிருந்து பெரிய நெற்களஞ்சியம் வரைக்கும் பூச்சிக் கதை முழுவதும் விளங்கிவிடும்.

தானாக உண்டாவதில்லை

பூச்சிப் பேச்சு எங்கே எடுபட்டாலும் மூன்று விசயம் காதில் விழும். அரிசி பழசானால் வண்டு தானாக உண்டாகும். மூடியை இறுக்கினால் வராது. வந்தாலும் ஒரு குளிசை போட்டால் சரி. ஒவ்வொன்றிலும் கால்வாசி உண்மை இருக்கிறது. அந்தக் கால்வாசிதான் ஆட்களை ஏமாற்றுகிறது.

முதலாவதைப் பார்ப்போம். 1668 இல் பிரான்செஸ்கோ ரெடி என்ற இத்தாலியர் இறைச்சியைத் திறந்த சாடியிலும் மூடிய சாடியிலும் வைத்துப் பார்த்தார். திறந்ததில் புழு வைத்தது, மூடியதில் வைக்கவில்லை. ஈ வந்து முட்டையிட்டால்தான் புழு என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் அரிசி விசயத்தில் பழைய நம்பிக்கை இன்னும் போகவில்லை. இறைச்சியில் ஈ மொய்ப்பது கண்ணுக்குத் தெரியும். அரிசியில் முட்டை இடுவது தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பயிரையோ உணவையோ அழிக்கும் உயிரினத்தை எங்கள் விவசாயப் புத்தகங்களில் பீடை என்பார்கள். காய்ந்த உணவைச் சேமிக்கும் இடத்திலேயே தின்று, அங்கேயே பெருகுகிற பூச்சி களஞ்சியப் பீடை. பேணியும் அதற்குக் களஞ்சியம்தான், மில்லும் களஞ்சியம்தான்.

ஓர் அரிசிக்குள் ஓர் அறை

எல்லோரும் கண்டது அரிசி வண்டு. கறுத்து, யானைத் தும்பிக்கை போல நீண்ட மூக்கோடு, 2 அல்லது 3 மில்லிமீற்றர் நீளத்தில் இருக்கும். அந்த மூக்கின் நுனியில்தான் வாய். பெண் வண்டு அதனால் ஓர் அரிசியில் சின்னத் துளை குடைந்து, உள்ளே ஒரு முட்டையை வைத்து, வாசலைப் பசை போன்ற ஒன்றால் அடைத்துவிடும். அடைத்த இடம் அரிசியின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குப் பிடிபடாது. முட்டை பொரித்து வரும் புழு அந்த அரிசியின் உட்புறத்தையே தின்று வளர்ந்து, அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, அதற்குள்ளேயே வண்டாகி, கடைசியில் சுவரைக் கடித்துக்கொண்டு வெளியே வரும். எங்கள் வெக்கைக்கு இதற்கெல்லாம் ஏறத்தாழ ஒரு மாதம் போதும். அந்த ஒரு மாதமும் அரிசி வெளியில் நல்ல அரிசி போலவே இருக்கும். கழுவும்போது மிதக்கிறதே சில அரிசி, அதில் பலவற்றின் உள்ளே ஏற்கெனவே குடித்தனம் நடந்திருக்கும்.

ஒரு பெண் வண்டு தன் ஆயுளில் 300 முட்டைக்கு மேல் இடக்கூடியது.

பயறு வண்டின் வழி வேறு. அது முட்டையைப் பயற்றின் தோலில் வெளிப்புறமாகவே ஒட்டிவிடும். பயற்றில் வெள்ளைப் பொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டு, நகத்தால் சுரண்டினாலும் இலேசில் வராமல் இருக்கிறதே, அதுதான். வயலில் காய் முற்றும்போதே இதன் வேலை தொடங்கிவிடும். ஆகவே கடைக்காரர் வைத்த இடம் சரியில்லை என்று ஒவ்வொரு முறையும் அவரோடு சண்டை பிடிப்பதில் அர்த்தமில்லை.

இவ்வளவும் எதற்குச் சொன்னேன் என்றால், நாம் காணும் வண்டு கதையின் கடைசி அத்தியாயம். மூடியை இறுக்கியும் பூச்சி வந்ததென்றால், இறுக்கும்போதே அது உள்ளே இருந்திருக்கிறது.

வேலியில் பொட்டு வைப்பவனும், பொட்டுக்குள்ளால் வருபவனும்

கிடுகுவேலியில் பொட்டு, அதாவது ஓட்டை, வைப்பது ஒரு நாய், பிறகு அந்தப் பொட்டுக்குள்ளால் ஊர் நாய் முழுக்க வரும். தானியத்திலும் இதேதான். முழுத் தானியத்தைக் குடையப் பலமுள்ள பூச்சி முதல்நிலைப் பீடை. அரிசி வண்டும் பயறு வண்டும் அந்த வகை. உடைந்ததையும், குருணலையும், மாவையும்தான் தின்ன முடியும் என்று இருப்பது இரண்டாம்நிலைப் பீடை. இதில் பேர்போனது செம்மா வண்டு: செம்பழுப்பு நிறம், தட்டையான உடம்பு, மூக்கு நீளம் இல்லை. கோதுமை மா, அரிசி மா, ஒடியல் மா எதுவென்றாலும் அதற்குச் சம்மதம்.

செம்மா வண்டு நிறையப் பெருகினால் அதன் உடலிலிருந்து குயினோன் என்ற இரசாயனம் கசியும். மா இலேசாக இளஞ்சிவப்பாகி, மூக்கைச் சுளிக்க வைக்கும் மணம் ஒன்று வரும். அரித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். வண்டு அரிதட்டில் நிற்கும், மணம் மாவோடு போய்விடும். அந்த மாவில் இடியப்பம் அவித்தால் வீடு முழுக்கத் தெரியும். அப்படி மணக்கும் மாவை எறிவதுதான் ஒரே வழி.

யார் முதலில், யார் பிறகு என்ற இந்த வித்தியாசம் கையில் உதவக்கூடியது. அரிசிச் சாக்கில் மூக்கு நீண்ட வண்டைக் கண்டால், தானியமே பூச்சியோடு வந்திருக்கிறது. செம்மா வண்டைக் கண்டால், பக்கத்தில் எங்கேயோ மா கொட்டுண்டு கிடக்கிறது, அல்லது சாக்கில் குருணல் அதிகம். கேட்க வேண்டிய கேள்வி இரண்டுக்கும் வேறு.

புகையிலை தின்றவனுக்கு மிளகாய் ஒரு பொருட்டா?

சரி, கனடாவுக்குப் போன வண்டு எது? படத்தைப் பார்த்தவுடன் எனக்குச் சந்தேகம் வரவில்லை. தலை தெரியாமல் கூனிக் குறுகி, வழுவழுவென்று முட்டை வடிவில் இருந்தது. அது புகையிலை வண்டு.

யாழ்ப்பாணத்தில் புகையிலையும் சுருட்டும் எத்தனை தலைமுறைத் தொழில் என்று சொல்லத் தேவையில்லை. சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்த எவரைக் கேட்டாலும், குண்டூசி குத்தினது போல ஓட்டை விழுந்த சுருட்டைப் பற்றிச் சொல்வார். அதைச் செய்வது இந்தப் பூச்சியின் புழு. நிக்கோட்டின் என்பது பூச்சிகொல்லியாகவே பயன்பட்ட நஞ்சு. அதையே தின்று சீவிக்கிறது என்றால் எப்படி? இதன் குடலோடு ஒட்டி மதுவம் (ஈஸ்ட்) போன்ற நுண்ணுயிர் ஒன்று குடியிருக்கிறது. அது நஞ்சை முறித்துக்கொடுக்கும், உணவில் இல்லாத சத்தையும் செய்துகொடுக்கும். சமையலும் வைத்தியமும் பார்க்கும் ஒரு வேலையாளை வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது என்று சொல்லலாம். மிளகாய், மல்லி, மஞ்சள், இஞ்சித் தூள் எல்லாம் அதற்கு வெறும் சாப்பாடு. உறைப்பு எங்களுக்குத்தான்.

மெல்லிய பொலித்தீன் பையைக் கடித்துத் துளைக்கவும் இதற்கு முடியும். முட்டையிலிருந்து வண்டாகச் சாதாரண வீட்டுச் சூட்டில் ஒன்றரை, இரண்டு மாதம். பெரியம்மாவின் பார்சல் கணக்கும் அதுதான்.

மீற்றர் வட்டிக் கணக்கு

50 கிலோ அரிசி மூட்டையில் எத்தனை அரிசி இருக்கும்? ஓர் அரிசி 20 மில்லிகிராம் என்று வைத்தால் 25 இலட்சம். அதில் 10 அரிசிக்குள் மட்டும் வண்டு இருந்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. எல்லாம் வாய்ப்பாக இருந்தால் மாதம் 20 மடங்கு பெருகும் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 200. இரண்டாம் மாதம் 4,000. மூன்றாம் மாதம் 80,000. "போன மாதம் ஒண்டும் இல்லை, திடீரெண்டு வந்திட்டுது" என்று சொல்வது இதனால்தான். திடீரென்று எதுவும் வரவில்லை. நாளுக்கு நாள் ஏறும் மீற்றர் வட்டி போலக் குட்டி போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, நாங்கள் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை.

இந்த வட்டி வீதத்தைத் தீர்மானிப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று வெப்பநிலை. பெரும்பாலான களஞ்சியப் பூச்சிகளுக்கு 25 முதல் 35 பாகை செல்சியஸ் மிக வசதி. 20 பாகைக்குக் கீழே மந்தமாகும், 15 பாகையளவில் அரிசி வண்டின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும், 50 பாகைக்கு மேல் சில மணி நேரத்திலேயே செத்துவிடும். குளிர்நாடுகளில் மாரிக் காற்றைக் களஞ்சியத்துக்குள் ஊதியே தானியத்தைக் குளிர வைத்துவிடுவார்கள். எங்களுக்கு அந்த வரம் இல்லை. தகரக் கூரை போட்ட களஞ்சியத்தில் ஆண்டு பன்னிரண்டு மாதமும் அவைக்கு நல்ல காலம். ஆகவே வெளிநாட்டுக் கையேடுகளை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால் இங்கே பாதி உதவாது.

மற்றது ஈரப்பதன், அதாவது தானியத்தின் நிறையில் தண்ணீரின் பங்கு. பூச்சி தண்ணீர் குடிக்க எங்கேயும் போவதில்லை, தானியத்துக்குள் இருக்கும் ஈரமே அதற்குக் கிணறு. நெல்லை 14 வீதத்துக்குக் காயவைத்துச் சேமிக்கச் சொல்வது பூஞ்சணத்துக்காக மட்டுமல்ல. 10 வீதத்துக்குக் கீழே அரிசி வண்டு பெருகவே கஷ்டப்படும். ஆனால் காயவைத்தால் மட்டும் போதாது. மிக்சரைத் திறந்து வைத்தால் நமத்துப்போகிறதல்லவா, அதேபோல் தானியமும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மாசி, பங்குனியில் நன்றாகக் காய்ந்து உள்ளே போன காலபோக நெல், ஐப்பசி மழையில் திறந்த சாக்கில் கிடந்தால் பழையபடி ஈரமாகும். பூச்சியும் சும்மா இருப்பதில்லை. மூச்சு விட்டு வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியே விடும். பூச்சி பிடித்த மூட்டைக்குள் கையை விட்டால் நடுவில் வெதுவெதுப்பாக இருக்கும், பிறகு அந்த இடத்தில் பூஞ்சணமும் பிடிக்கும்.

சுருங்கச் சொன்னால், சூடும் ஈரமும் காலமும் சேர்ந்தால் பத்துப் பூச்சி ஆயிரக்கணக்காகும். சூட்டை நாம் அதிகம் மாற்ற முடியாது. ஈரத்தையும் காலத்தையும் மாற்றலாம். புது மூட்டையைப் பழைய மூட்டைக்கு முன்னால் அடுக்காமல், முதலில் வந்ததை முதலில் விற்பது காலத்தை வெட்டும் வேலைதான்.

மில்லின் அடித்தட்டு

படத்தைக் காட்டிக்கொண்டு பெரியம்மா தூள் திரித்த மில்லுக்குப் போனேன். எந்த மில் என்று சொல்லப்போவதில்லை. நல்ல மனிதர், ஒவ்வொரு நாளும் இரவு நிலம் கூட்டிவிட்டுத்தான் பூட்டுவார். "எங்கடை மில்லிலை பூச்சி இல்லைத் தம்பி, வேணுமெண்டால் பாரும்" என்றார். நிலம் உண்மையில் துப்புரவாகத்தான் இருந்தது. இயந்திரத்தின் கீழே, மா விழும் குழாயின் வளைவில் நாலு ஆணி போட்ட தகடு ஒன்று இருந்தது. கடைசியாக எப்போது கழற்றினீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். பிறகு ஸ்பனர் எடுத்து வந்தார்.

தகட்டுக்குப் பின்னால் இரண்டு விரல் தடிப்புக்குப் பழைய தூளும் மாவும் இறுகி, கேக் துண்டு மாதிரி இருந்தது. உடைத்தபோது உள்ளே வெள்ளைப் புழுக்கள் வளைந்து கிடந்தன. செம்மா வண்டு ஒரு பக்கம் ஓடியது, புகையிலை வண்டு செத்ததுபோல் காலை மடக்கிக்கொண்டு விழுந்தது. தொட்டால் அப்படி நடிப்பது அதன் பழக்கம். காலையில் முதலாவதாக யார் திரித்தாலும், அவருடைய தூள் இந்தக் கட்டியை உரசிக்கொண்டுதான் வெளியே வரும்.

உணவு பதப்படுத்தும் இடங்களில் அநேகமாக எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். வறுப்பதும் அவிப்பதும் பூச்சியின் முட்டை முதல் வண்டு வரை எல்லாவற்றையும் கொன்றுவிடும். கோதுமை மாவை அவித்து அரித்து வைக்கும் எங்கள் வழக்கத்துக்கு இப்படி ஒரு புண்ணியமும் இருக்கிறது. ஆனால் சூட்டில் செத்தபிறகு பொருள் எதையெல்லாம் தொடுகிறதோ, அங்கே திரும்பப் பூச்சி ஏறலாம். இதை மறுதொற்று என்பார்கள். தலைக்குத் தோய்ந்துவிட்டு அழுக்குச் சாரத்தையே திருப்பிக் கட்டுவது போல. பெரியம்மா மல்லியை எவ்வளவு கவனமாக வறுத்தாலும், பிறகு அது போனது அந்த வளைவுக்குள்ளால்.

ஆகவே மில்லில் தேட வேண்டிய இடங்கள் நிலத்தில் இல்லை. குழாய் வளைவு, மா ஏற்றும் பட்டியின் அடிப்பெட்டி, மோட்டருக்குப் பின்புறம், சீமெந்துச் சுவரின் வெடிப்பு, சாக்கின் தையல். கடைசியாகச் சொன்னதை யாரும் நினைப்பதில்லை. வெறுஞ் சாக்கை உதறினால் சுத்தம் என்று நினைக்கிறோம், தையல் மடிப்புக்குள் புழு பத்திரமாக இருக்கும். துப்புரவாக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது, மா பசையாகி இன்னும் இறுகும். காற்றுக் குழாயால் ஊதினால் முட்டையும் மாவும் கூரைச் சிலாகை வரைக்கும் பரவும். தூரிகையால் வழித்து, வெக்கியூமால் உறிஞ்சி, அன்றைக்கே வெளியே கொண்டுபோய் அழிப்பதுதான் வேலை. மூட்டைகளை மரத்தட்டில் ஏற்றி, சுவரிலிருந்து ஓர் ஆள் நுழையும் இடம் விட்டு அடுக்குவதும் இதற்காகத்தான். விளக்குமாறு போகாத இடத்தில் பூச்சி இருக்கும்.

குளிசை செய்வதும் செய்யாததும்

குளிசை என்று எல்லோரும் சொல்வது அலுமினியம் பொஸ்பைட்டு. காற்றின் ஈரம் பட்டவுடன் அதிலிருந்து பொஸ்பீன் என்ற நச்சுவாயு வரும். வாயு மூட்டைக்குள்ளும், அரிசிக்குள்ளும் ஊடுருவிப் போய்ப் புழுவைக் கொல்லும். சுவரில் தெளிக்கும் மருந்துக்கு அது முடியாது. வெளியில் நடமாடுகிற வண்டை மட்டும்தான் தெளிமருந்து தொடும். இப்படி மூடிய இடத்தில் வாயுவால் பூச்சியைக் கொல்வது புகையூட்டல்.

சாம்பிராணி போடும்போது யன்னலைச் சாத்துகிறோம். புகையூட்டலிலும் அதே நியாயம், பலமடங்கு கண்டிப்போடு. மூட்டை அடுக்கைத் தடித்த விரிப்பால் மூடி, ஓரத்தில் மணல் பை வைத்து, வாயு கசியாமல் 5 நாளாவது, பெரும்பாலும் அதற்கு மேலும், வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் முட்டையும் கூட்டுப்புழுவும் மெதுவாகத்தான் மூச்சு விடும். அவை சாக நாள் வேண்டும். கிழிந்த விரிப்பைப் போட்டு இரண்டாம் நாள் திறந்தால் வண்டெல்லாம் செத்துக் கிடக்கும், பார்க்கச் சந்தோசமாக இருக்கும். ஒரு மாதமளவில் முட்டைகள் வண்டாகி வரும். "மருந்து இப்ப சரியில்லை" என்ற பேச்சும் வரும். அரைகுறை நஞ்சில் தப்பிப் பிழைத்தவை பெற்ற குஞ்சுகளுக்கு அந்த நஞ்சு இன்னும் குறைவாகப் பிடிக்கும். இதற்குப் பெயர் எதிர்ப்புத்திறன். உலகம் முழுக்கப் பொஸ்பீனுக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது. முன்பு மெதைல் புரோமைட்டு என்ற இன்னொரு வாயு இருந்தது. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் வளர்ந்துவரும் நாடுகளிலும் 2015 உடன் அதன் பாவனை நின்றது. ஏற்றுமதி, தனிமைப்படுத்தல் போன்ற தேவைகளுக்கு விலக்கு. கையில் மிஞ்சியதைப் பழுதாக்கினால் அடுத்தது என்ன என்பது சின்னக் கேள்வி இல்லை.

இன்னொன்று: வாயு போனபிறகு பாதுகாப்பும் போய்விட்டது. அடுத்த நாள் பக்கத்து மூட்டையிலிருந்து ஒரு வண்டு நடந்து வந்தால் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. குளிசை தடுப்பூசி மாதிரி வேலை செய்யாது.

வீட்டில் இதைத் தொடவே வேண்டாம். படுக்கும் அறையில் நெல் மூட்டை, அதற்குள் குளிசை என்று இருக்கும் வீடுகளைக் கண்டிருக்கிறேன். பூச்சியைக் கொல்லும் அதே வாயு மனிதரையும் கொல்லும், மாற்று மருந்து கிடையாது. இலங்கையில் பீடைகொல்லிகளின் விற்பனையும் பாவனையும் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டவை. புகையூட்டல் அதற்குப் பயிற்சி பெற்றவரின் வேலை.

வேப்பிலை, வெயில், பிறிட்ஜ்

வேப்பிலையின் மணம் சில பூச்சிகளைக் கொஞ்சம் விலக்கும். அரிசிக்குள் இருக்கும் புழுவை அது ஒன்றும் செய்யாது. பயற்றில் நல்லெண்ணெய் பிரட்டி வைப்பது உண்மையில் வேலை செய்யும்: தோலில் ஒட்டிய முட்டைக்கு மூச்சு அடைபடும். உழுந்தை உடைத்துப் பருப்பாக வைத்தால் பயறு வண்டுக்கு வசதி குறையும்.

வெயிலில் பாயைப் போட்டு அரிசியைப் பரப்பினால் வண்டு ஓடிப்போகும். உள்ளே இருக்கும் புழுவுக்கு அந்தச் சூடு பெரும்பாலும் காணாது, அதிக வெயிலில் அரிசியும் வெடித்துச் சமைக்கும்போது குழையும். பயறு போன்றவற்றைக் கறுப்புப் பொலித்தீனில் மெல்லியதாகப் பரப்பி, மேலே தெளிந்த பொலித்தீனால் மூடி உச்சி வெயிலில் வைத்தால் 50 பாகையைத் தாண்டும், அப்போது புழுவும் சாகும். விதைக்கு எடுத்து வைப்பதை மட்டும் இப்படிச் செய்ய வேண்டாம், முளைக்காமல் போகலாம்.

காற்றுப் புகாத போத்தலும் நல்ல ஆயுதம், ஒரு நிபந்தனையோடு. நன்றாகக் காய்ந்த பயற்றைக் கழுத்துவரை நிரப்பி இறுக்கினால், உள்ளே இருக்கும் கொஞ்ச ஒட்சிசனைப் பூச்சியே மூச்சு விட்டு முடித்து, அதிலேயே சாகும். பாதிப் பேணி பயறும் பாதிப் பேணி காற்றுமாக வைத்தால் அதற்கு மாதக் கணக்கில் காற்று இருக்கும். எங்கள் பிஸ்கற் பேணி மூடிகள் காற்றை நிறுத்துவதும் இல்லை.

வெளிநாட்டுக்கு அனுப்பும் தூளுக்கு நான் சொல்வது பிறீசர். 1 கிலோப் பொதிகளாகத் தடித்த பையில் இறுக்கி, கழித்தல் 18 பாகையில் ஒரு கிழமை. வெளியே எடுத்தபின் அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த தூளில் நீர் படிந்து கட்டியாகும்.

சுளகும் கலண்டரும்

பெரிய களஞ்சியங்களில் பெரமோன் பொறி வைப்பார்கள். ஒரு பூச்சி தன் இனத்தைக் கூப்பிட விடும் மணம்தான் பெரமோன். புகையிலை வண்டில் பெண் விடும், ஆண் தேடி வரும். அந்த மணத்தைச் செயற்கையாகச் செய்து ஒட்டும் அட்டையில் வைத்தால் ஆண் வண்டுகள் வந்து ஒட்டும். அதனால் பூச்சி ஒழிந்துவிடாது. காய்ச்சல் பார்க்கும் தேமாமீற்றர் காய்ச்சலை மாற்றுவதில்லையே. எந்த மூலையில், எந்தக் கிழமை எண்ணிக்கை ஏறுகிறது என்பதைத்தான் அது சொல்லும். இப்படி எண்ணிப் பார்ப்பது, துப்புரவு, காயவைப்பு, சூடு அல்லது குளிர், கடைசியில் தேவையென்றால் மட்டும் நஞ்சு என்று எல்லாவற்றையும் கோர்த்துச் செய்வதற்கு ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவம் என்று பெரிய பெயர்.

பெரியம்மாவிடம் பொறி இல்லை, சுளகு இருக்கிறது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு பேணியிலும் ஒரு சுண்டு எடுத்துப் புடைத்துப் பார்த்து, குசினிக் கலண்டரில் பென்சிலால் எண் போடுகிறார். மில்காரர் அந்தத் தகட்டின் நாலு ஆணியையும் கழற்றிவிட்டு, கையால் திருகும் ஆணி போட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் திறக்கிறார். சித்திரையிலிருந்து கலண்டரில் எல்லாம் பூச்சியம், பயறுப் பேணியில் மட்டும் ஆவணிக்கு நேரே ஒரு 3 இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் கடைக்காரரின் பெயரை எழுதி, பிறகு வெட்டியிருக்கிறார்.